பெட்ரோலில் ஓடிய அமரர் ஊர்தி

வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை எட்டரை மணிக்கே வெயில் உச்சி வெயிலாக அடித்துக்கொண்டிருந்தபோது, வியாபாரிகள் சங்கத்து அமரர் ஊர்தியை டவுனுக்கு வெளியே இருக்கும் பங்கில் கொண்டுபோய் நிறுத்திய டிரைவர் சிவனணைந்தான், பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் செய்யாத தப்பைச் செய்தான். டீசல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெட்ரோல் என்றான். விடிந்ததும் தன் பைக்குக்குப் பெட்ரோல் போட்ட நாக்கு அந்தச் சொல்லிலேயே நின்றிருந்தது. அதைக் கவனிக்கும் நிலையில் அவன் இல்லை. ஏனென்றால் வண்டிக்குள் தகரப் படுக்கையில் வெள்ளைத் துணி சுற்றிப் படுத்திருந்தவள் ஓடைக்கரைப்பட்டி நர்சம்மா ஆவுடைத்தங்கம், முப்பத்து இரண்டு வருஷம் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளையெல்லாம், அவனுடைய இரண்டு பிள்ளைகள் உட்பட, தலை பிடித்து வெளியே எடுத்தவள், அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு நெஞ்சு வலித்து பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனவள்.

“பெட்ரோலாண்ணே?” என்று பங்கில் நின்ற பெண் ஒரு தரம் கேட்கத்தான் செய்தாள்.

“ஆமாம்மா, ஐநூறு ரூபாய்க்குப் போடு.”

பெட்ரோல் ஊற்றிய டீசல் வண்டி ஒரு மைல் தாண்டாது என்பது டிரைவர் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற சங்கதி. அந்த வண்டி மூன்று மைல் தாண்டியது. பெட்ரோல் வாடை மூக்கில் ஏறி, செய்த காரியம் புரிந்து, ஓரம் கட்டலாம் என்று அவன் இன்டிகேட்டரைப் போட்ட நேரத்தில், முதுகுக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடிக் கதவு விலகியது.

“தம்பி, பாத்து ஓட்டு. குழிக்குக் குழி தூக்கிப் போடுது” என்றாள் நர்சம்மா.

“அவளுக்கு எப்பவுமே குலுக்கல் ஆகாது” என்றார் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன், டெய்லர் கோமதிநாயகம். அவள் அதற்குள் எழுந்து உட்கார்ந்து, தாடையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து வைத்து, மூக்கிலிருந்த பஞ்சை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த முடிச்சுக்குக் குனிய முடியாமல் புருஷனிடம் காலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

சிவனணைந்தான் இன்டிகேட்டரை அணைத்துவிட்டு மெதுவாக ஓட்டினான். வேறு என்ன செய்ய முடியும்? ரயில்வே கேட் மூடியிருந்தது. பழக்கத்தில் கை போய் சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தியது. “நேத்து ராத்திரி பால உறை ஊத்தாம வந்துட்டேன், அது” என்று சொல்லிக்கொண்டிருந்த நர்சம்மா அந்தச் சொல்லோடு நின்று, பக்கவாட்டில் சாய்ந்து, புருஷன் தோளில் விழுந்தாள். கண் திறந்தபடி இருந்தது. கோமதிநாயகம் அவள் மூக்குக்கு நேராகப் புறங்கையை வைத்துப் பார்த்தார். சரக்கு ரயில் ஒன்று எழுபது பெட்டிகளோடு போய் முடிகிற வரைக்கும் அவர் புறங்கையை எடுக்கவில்லை. கேட் ஏறியதும் சிவனணைந்தான் சாவியைத் திருகினான். இன்ஜின் இருமி, உதறி, உறுமியது.

“திரிஞ்சு போயிருக்கும், கொட்டிருங்க” என்று நர்சம்மா முடித்தாள்.

அப்போதே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓடைக்கரைப்பட்டி போய்ச் சேருகிற வரை அவன் சாவிப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.

ஓடைக்கரைப்பட்டியில் பந்தல் போட்டு, வாடகை நாற்காலி இறக்கியாகிவிட்டது. கொட்டுக்காரர்கள் மேளத் தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நர்சம்மா படத்தைப் போட்ட ஃப்ளெக்ஸ் பஸ் ஸ்டாப்பில் ஏறிவிட்டது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்துப் பாடிய ஒப்பாரிப் பாட்டு பாதி வரைக்கும் வந்திருந்தது. வண்டி வந்து நின்று, கண்ணாடிக்குள் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், பாட்டு நின்றது. ஒருத்தி மட்டும் எழுந்து வந்து, “இப்ப நாங்க நிறுத்தணுமா, பாடணுமா?” என்று கேட்டாள்.

“பாடுங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க வீட்டு மாட்டுக்கெல்லாம் நான் வைத்தியம் பாத்ததாப் பாடாதீக. அது நானில்ல, கால்நடை டாக்டரு” என்றாள் நர்சம்மா.

நாலு பேர் சேர்ந்து அவளைக் கீழே இறக்கப் பார்த்தார்கள். வண்டியின் படியைக் கால் தாண்டியதுமே அவள் தலை தொங்கிவிட்டது. அலறி அடித்து உள்ளே ஏற்றியதும் மூச்சு வந்தது. “வேண்டாம், இதுக்குள்ளேயே இருந்துக்கிடுதேன், காத்தாத்தான் இருக்கு” என்று அவளே சொல்லிவிட்டாள். இன்ஜினை நிறுத்தக் கூடாது என்று சிவனணைந்தான் சொன்னான். ஏன் என்று கேட்டார்கள். தான் பெட்ரோல் ஊற்றியதைச் சொன்னான். சொல்லும்போது ஊர் அடிக்கும் என்றுதான் நினைத்தான். ஊர் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துவிட்டு, எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஏதோ வருஷா வருஷம் நடக்கிற கோயில் கொடை போலத்தான் நடந்தது. மேலத்தெருக்காரர்கள் பைக்குகளைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தார்கள், அப்புறம் கீழத்தெரு, அப்புறம் காலனி. ட்யூப் போட்டு வாயால் உறிஞ்சி, பெட்ரோலைத் துப்பி, தண்ணீர் பாட்டிலில் பிடித்து வரிசையாக வைத்தார்கள். கோயில் பூசாரி தன் மொபெட்டைக் கவிழ்த்தே ஊற்றினார். கொட்டுக்காரர்களை வேப்ப மரத்தடியில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். ஊருக்குள் பிணம் கிடக்கும்போது அடுப்பு மூட்டலாமா, கூடாதா, இது பிணமா, இல்லையா என்று ஒரு பேச்சு எழும்பி, யாருக்கும் தீர்ப்புச் சொல்லத் தெரியாமல், கடைசியில் அவளிடமே வந்து கேட்டார்கள். “பிள்ளைகளுக்குப் பசிக்கும், போய் அடுப்பப் பத்தவைங்க” என்றாள். அப்புறம் வண்டியின் பின்கதவில் ஒரு வரிசை நின்றது. சர்க்கரை கூடியவர்கள், தடுப்பூசி அட்டையைத் தொலைத்தவர்கள், பிள்ளை சரியாகப் பால் குடிக்காதவர்கள், வேறு யாரிடமும் கேட்க முடியாத ஒன்றை இரண்டு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்த பெண்கள். அவள் மாலைகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாரோ வண்டி முன்னால் சூடம் ஏற்றக் கொண்டுவந்தபோது மட்டும், “பெட்ரோலு சிந்திக் கிடக்கு, ஊரையே கொளுத்தப் போறியாலே?” என்று அவள் போட்ட சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்டது.

ஒருவர் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. மெக்கானிக் பாக்கியநாதன் ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். சிவனணைந்தானைத் தனியே கூப்பிட்டார்.

“டீசல்ல ஒரு பிசுக்கு உண்டு, பம்பு அதுலதான் வழுக்கி ஓடும். இது வறண்ட சரக்கு. பம்பு தன்னைத்தானே அரைச்சுத் தின்னுக்கிட்டு இருக்கு.”

“டீசல் கொஞ்சம் கலந்து விடுவமா?”

கலந்து பார்த்தார்கள். ஒரு டம்ளர் உள்ளே போனதும் இன்ஜின் சத்தம் சீராகியது. நர்சம்மா கையிலிருந்த தடுப்பூசி அட்டை நழுவியது, உதடு நீலம் பாய்ந்தது. இரண்டு பாட்டில் பெட்ரோலை அவசர அவசரமாக ஊற்றியபின்தான் அவள் கண் சுழன்று திரும்பி நிலைக்கு வந்தது. பாக்கியநாதன் மொபெட்டுக்கு ஊற்றுகிற டூ-டி ஆயிலை அளந்து பெட்ரோலில் கலக்கினார். அதற்கு அவள் இருமினாள், ஆனால் தாங்கிக்கொண்டாள்.

“எவ்வளவு நேரம்ணே?” என்றான் சிவனணைந்தான்.

“மூணு மணி வரைக்கும் ஓடும், மிஞ்சினா நாலு. நான் கடவுளில்லப்பா.”

இரண்டு மணி இருக்கும். வரிசை கொஞ்சம் ஓய்ந்தபோது நர்சம்மா புருஷனைப் பார்த்து, “அவளுக்குச் சொன்னீகளா?” என்று கேட்டாள்.

அவள் என்றால் வேணி. ஒரே மகள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஜெபராஜ் என்ற கப்பல் வேலைக்காரனைக் கட்டிக்கொண்டு, மாலையும் கழுத்துமாக இருவரும் வாசலில் வந்து நின்றபோது, எல்லாத் தெருவிலும் எல்லா வீட்டிலும் நுழைந்து பிள்ளை எடுத்த நர்சம்மா தன் வீட்டுக் கதவைச் சாத்தினாள். அதன் பிறகு அந்தப் பேரை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஊரும் கேட்கத் துணிந்ததில்லை.

“சொல்லிட்டேன்” என்றார் கோமதிநாயகம், தரையைப் பார்த்துக்கொண்டு.

“யாரைக் கேட்டுச் சொன்னீக?”

“நீதான் செத்துப்போயிட்டியே, யாரைக் கேக்க?”

இன்ஜின் தடதடத்துக்கொண்டிருந்தது. அவள் கழற்றிவைத்த மாலைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, “எப்ப வாரா?” என்றாள்.

“கோயம்புத்தூர்லருந்து ஏழு மணிக்குக் கிளம்பிட்டா. மூணு மணி வாக்குல விலக்குல வந்து இறங்குவா. மருமகன் கப்பல்ல இருக்காரு. தனியாத்தான் வாரா.” அவர் நிறுத்தி, “எட்டு மாசம்” என்றார்.

விலக்கு என்பது ஊர்ச்சாலை மெயின் ரோட்டில் ஏறும் இடம், ஒன்பது கிலோமீட்டர். அங்கே இறங்கி மினிபஸ் பிடித்து வர நாலு மணி, நாலரை ஆகிவிடும். அதை அங்கே நின்ற எல்லோரும் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள். பாக்கியநாதனும் போட்டார். நர்சம்மா கண்ணாடிக் கதவைத் தட்டினாள்.

“சிவனணைஞ்சா, விலக்குக்கு விடு.”

“ஓட்டினா சூடு ஏறும்மா.” அவன் வெப்பமானி முள்ளைக் காட்டினான். “வழியில நின்னுட்டா…”

“நின்னா எங்க நின்னாலும் ஒண்ணுதான். நான் இங்க உக்காந்து அவ வாரதப் பாக்கணுமாக்கும்? விடு.”

வண்டி கிளம்பியது. பின்னால் முப்பது பைக்குகள், ஒவ்வொன்றிலும் திரும்பி வரக் காணாத அளவு பெட்ரோல், கொட்டுக்காரர்களும் பாட்டுக்காரியும் உட்படப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் மடியில் பாட்டில்கள். சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை பருத்திக் காட்டுக்கு மேலே நீளமாகப் படிந்தது. சிவனணைந்தான் வெப்பமானி முள்ளையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் இன்ஜின் ஒரு தட்டு தட்டியது, அந்தத் தட்டு தன் நெஞ்சுக்குள்ளேயே விழுவதாக அவனுக்கு இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை ஏற்றிப் போயிருக்கிறான். ஒரு நாளும் யாரையும் சாகடித்துவிடுவோமோ என்று பயந்து ஓட்டியதில்லை.

மூன்றே காலுக்கு பஸ் வந்தது. வேணி ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் பையையும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அழுது அழுது முகம் உப்பியிருந்தது, அல்லது சிவனணைந்தான் அப்படித்தான் நினைத்தான். அவள் கண்ணாடிக்குள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

“செத்துப்போயிட்டேன்னு அப்பா சொன்னாக.”

“செத்துத்தான் போனேன். வெயில்ல நிக்காத, ஏறு.”

“அவரு வாசல்ல வந்து நிக்கையில கதவச் சாத்துனியே.”

முப்பது பைக்குகளும் தலையைக் குனிந்துகொண்டன.

“சாத்துனேன்” என்றாள் நர்சம்மா. “தப்பு. ஏறு.”

வேணி ஏறவில்லை. ஆனால் தாயின் கண் அப்போது அவள் முகத்தில் இல்லை. அது அவள் பாதத்தில் இருந்தது. செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

“கால இங்க வை.” அந்தக் குரலில் அம்மா இல்லை, நர்ஸ்தான் இருந்தாள். வேணி தன்னை அறியாமல் படியில் காலைத் தூக்கி வைத்தாள். நர்சம்மா கட்டைவிரலால் கணுக்காலில் அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வரவே இல்லை.

“தலை வலிக்கா?”

“காலையிலருந்து. அழுததுல…”

“கண்ணுக்கு முன்னால மினுங்குதா? மேல் வயித்துல பிடிக்கா?”

“ஆமா.”

நர்சம்மா கண்ணாடியைத் தட்டிய தட்டில் அது விரிசல் விட்டது. “சிவனணைஞ்சா! பெரியாஸ்பத்திரிக்குத் திருப்பு! பிரஷர் ஏறிக் கிடக்கு, வலிப்பு வந்துச்சுன்னா ரெண்டு உசிரும் போயிரும். போ, போ, போ!”

கோமதிநாயகம் மகளைத் தூக்கி ஏற்றினார். காலையில் தாய் படுத்து வந்த தகரப் படுக்கையில் மகளை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். செத்தவள் பெஞ்சில் உட்கார்ந்து மகளின் நாடியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இருபத்தோரு கிலோமீட்டரை ஓடைக்கரைப்பட்டிக்காரர்கள் இன்றைக்கும் இடம் இடமாகச் சொல்லுவார்கள். ஏழாவது கிலோமீட்டரில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. கல்குவாரிப் பக்கம் வண்டி ஊர்ந்தபோது பாக்கியநாதன் பைக்கிலிருந்தபடியே டேங்க் மூடியைத் திறந்து இரண்டு பாட்டில்களை ஊற்றினார். பைபாஸ் பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் மூச்சுத் திணறியது, உள்ளே நர்சம்மாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பைக்குகளைப் போட்டுவிட்டு ஓடிவந்து இருபது பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். பாலத்தின் முதுகில் ஏறியதும் அவள் தலை நிமிர்ந்தது, கை மகளின் நாடியிலிருந்து நழுவியிருக்கவில்லை. பெட்ரோல் தீர்ந்த பைக்குகள் ஒவ்வொன்றாக ரோட்டோரத்தில் நின்றன.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். “அமரர் ஊர்தியெல்லாம் பின்வாசல் வழியா.”

“உள்ள உசிரு இருக்கு, விலகுங்கய்யா!” என்று கத்திய சிவனணைந்தான், வண்டியை நேரே அவசர சிகிச்சை வாசலில் கொண்டு ஏற்றினான். ஸ்ட்ரெச்சர் வந்தது. “எட்டு மாசம், தலைப்பிரசவம், கால் வீக்கம், கண்ணு மங்குது, பிரஷரப் பாத்த உடனே மக்னீசியம் ஊசி போடுங்க” என்று நர்சம்மா உள்ளேயிருந்தபடி சொல்ல, ஓடிவந்த இளம் டாக்டர் சொல்வது யார் என்று திரும்பிப் பார்க்காமலே “சரிங்கம்மா, சரிங்கம்மா” என்று தள்ளிக்கொண்டு போனார். வேணி கையை நீட்டினாள். தாயின் கை கதவு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வர முடியாது. விரல் விரலைத் தொட்டுப் பிரிந்தது.

“நீங்களும் போங்க” என்று புருஷனை அனுப்பிவிட்டாள். பாக்கியநாதனும் கையெழுத்துப் போட, ரத்தம் கொடுக்க என்று கூடவே ஓடினார். வண்டியில் அவளும் சிவனணைந்தானும் மட்டும்.

“கால எடுத்துராதலே” என்றாள்.

“எடுக்கலம்மா.”

ஆக்சிலேட்டரை மிதித்த கால் மரத்துப்போய்விட்டது. இன்ஜின் இரும்புப் பெட்டிக்குள் சரளைக்கல் உருளுகிற சத்தம் போட்டது. நின்றவர்கள் கடைசிப் பாட்டில்களை ஊற்றினார்கள். வெயில் மஞ்சளாகியது.

“தப்பு எம்மேலதாம்மா” என்றான் அவன். “பெட்ரோலுன்னு சொன்னது நாந்தான். அந்தப் பொண்ணு கேக்கத்தான் செஞ்சா.”

“வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு பச்சப் பிள்ளைக்கு ஊசிய மாத்திப் போட்டுட்டேன். மூணு நாளு அந்த வீட்டுக்கு முன்னாலயே சுத்துனேன், சோறு இறங்கல. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. யாருகிட்டயும் சொன்னதில்ல.” மூச்சு வாங்கினாள். “இப்ப உங்கிட்டச் சொல்லுதேன்.”

ஐந்தரைக்கு பாக்கியநாதன் படியில் தடுக்கி, எழுந்து ஓடிவந்தார். “யக்கா! ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாக! பொம்பளப் பிள்ள!”

“அழுதுச்சா?”

“அழுதுச்சு, எங்காதால கேட்டேன்!”

“தாயி?”

“பிரஷரு இறங்கிருச்சாம். பயமில்லன்னு டாக்டரு சொல்லுதாரு.”

சுற்றி நின்றவர்கள் விட்ட மூச்சு அந்த வாசலில் ஒரு காற்றாக அடித்தது. நர்சம்மா மட்டும் இன்னும் பொறுப்பிலிருந்து இறங்கவில்லை.

“எடை எவ்வளவு?”

பாக்கியநாதன் விழித்தார். “அதக் கேக்கலயேக்கா.”

“எட்டு மாசத்துப் பிள்ள, எடை தெரியாம என்னத்த நிம்மதி? போய்க் கேட்டுட்டு வா.”

அவர் ஓடினார். அவர் முதல் மாடி ஏறியிருக்க மாட்டார், இன்ஜினுக்குள் ஏதோ ஒன்று உடைந்து, உருண்டு, அடங்கியது. சிவனணைந்தான் சாவியைத் திருகினான். மறுபடி திருகினான். அப்புறமும் திருகினான். உள்ளே கிளிக் என்ற சத்தம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. விரிசல் விட்ட கண்ணாடியில் அவள் நெற்றி வந்து மெதுவாகச் சாய்ந்ததை முதுகால் உணர்ந்தான். பைக்குக்காரர்களும் கொட்டுக்காரர்களும் நிறுத்தணுமா, பாடணுமா என்று காலையில் கேட்டவளும் ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். யாரும் அழவில்லை. இன்னும் ஒரு பதில் வர வேண்டியிருந்தது.

பதிலைக் கொண்டுவந்தவர் கோமதிநாயகம். மகளையும் பேத்தியையும் பார்த்துவிட்டு, கையில் ஒரு சீட்டோடு, படி இறங்கி வந்தார். இன்ஜின் சத்தம் இல்லாத முற்றத்தில் பாதி வழியில் அவர் நடை ஒரு கணம் நின்றது. பிறகு வந்தார். யாரையும் ஒன்றும் கேட்காமல் பின்கதவில் ஏறினார். அவளை நேராகப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, காது கேளாதவரிடம் சொல்லுகிறவர் போல அவள் காதோரம் குனிந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“ஒண்ணே முக்கால் கிலோ.”

கொஞ்சம் காத்திருந்தார்.

“கம்மிதான். தேறிரும்.”

அப்போதுதான் சிவனணைந்தான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான்.